உடம்பில் தொந்தரவு இல்லாதவருக்கு எதற்குப் பரிசோதனை? குறைந்த செலவில் பால்வினைத் தொற்றுகளைக் கண்டறிதல்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் எடுத்தால் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணம் உடம்புச் சூடு. இளநீர், மோர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் என்று இரண்டு நாள் குடித்துப் பார்ப்பார்கள். எரிச்சல் அடங்கிவிட்டால் விஷயம் அத்துடன் மறந்துபோகும். அது சாதாரண நீர்க்கடுப்பாகவே இருக்கலாம். ஆனால் உடலுறவில் ஈடுபடத் தொடங்கிவிட்ட இருபது, இருபத்தைந்து வயதுக்காரருக்கு அதே எரிச்சல் உடலுறவால் பரவும் பால்வினைத் தொற்றுகளான கொனோரியாவாலோ கிளமிடியாவாலோ வந்திருக்கக்கூடும். அது தானாக அடங்குவது தொற்று நீங்கிவிட்டதற்கு அடையாளமும் ஆகாது. இதைவிடக் கவலை தருவது, அந்த எரிச்சல்கூட இல்லாமலேயே இத்தொற்றுகள் மாதக்கணக்கில் உடம்பில் தங்கியிருந்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பதாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைகோமோனாஸ் ஆகிய நான்கு தொற்றுகளும் சேர்ந்து 37 கோடியே 40 லட்சம் முறை புதிதாக ஏற்பட்டிருக்கின்றன. இந்த நான்கும் மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை. குணப்படுத்தும் மருந்துகள் மலிவானவையாக இருந்தும் தொற்று இவ்வளவு பரவுவதற்கு முதன்மையான காரணம், தொற்று இருப்பது அதைச் சுமப்பவருக்கே தெரியாமல் இருப்பதுதான். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் கணிசமானோருக்கும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. கவனிக்காமல் விட்டால் அது கருப்பையிலிருந்து கருக்குழாய்களுக்கு ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கி, பல ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மையாகவோ கருக்குழாய்க்குள் கரு தங்கும் ஆபத்தாகவோ வெளிப்படலாம். இருபத்திரண்டு வயதில் ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தீர்த்திருக்க வேண்டிய ஒன்றுக்கு முப்பது வயதில் லட்சங்கள் செலவழித்தும் பலன் நிச்சயமில்லாத நிலை வருவது எத்தனை வேதனையானது என்பதை, கருத்தரிப்பு மையங்களின் வாசலில் காத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் இருப்பதாகச் சந்தேகம் எழுந்த பிறகு செய்யும் சோதனை வேறு. எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் மறைந்திருக்கும் தொற்றைத் தேடிச் செய்யும் சோதனை வேறு. பின்னதைத்தான் மருத்துவர்கள் ஸ்கிரீனிங் என்கிறார்கள். ஊரில் சர்க்கரை நோய் முகாம் நடக்கும்போது நன்றாக நடமாடுகிறவர்களும் வரிசையில் நின்று விரலை நீட்டுகிறார்களே, அதே செயல்தான் இது. விரலை நீட்டுவதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் ஒட்டிக்கொண்டதற்கு, பேருந்து நிலையச் சுவர்களில் தலைமுறை தலைமுறையாக ஒட்டப்பட்டுவரும் ‘ரகசிய நோய்’ என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ரகசியம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு மருந்து தேடுவதும் ரகசியமாகிவிடுகிறது. ரகசியமாகத் தேடும் மருந்துக்கு விலையும் கூடிவிடுகிறது.

சோதனைகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் எளிதில் புரியும். முதல் குடும்பம் ரத்தத்தைப் பார்ப்பது: எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி ஆகியவற்றை, கிருமியின் புரதத்தையோ கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளையோ ரத்தத்தில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது குடும்பம் கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடுவது: கிளமிடியாவும் கொனோரியாவும் சிறுநீர்ப் பாதையிலும் கருப்பை வாயிலும் தொண்டையிலும் ஆசனவாயிலும் குடியிருப்பவை என்பதால், சிறுநீரையோ அந்தந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியையோ, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிப்போன பி.சி.ஆர். வகைச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். முதல் குடும்பம் மலிவு, அரசு மையங்களில் இலவசம். இரண்டாவதுதான் செலவு பிடிப்பது. பணத்தை எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே செலவழிக்கத் தேவையில்லை என்ற முடிவு பெரும்பாலும் இந்தப் பிரிவினையிலேயே அடங்கியிருக்கிறது.

மலிவான சோதனை என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சிபிலிஸுக்கான ஆர்.பி.ஆர். சோதனையை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். வெள்ளை நிற அட்டை ஒன்றில் சிறு வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். ஆய்வக நுட்புநர் ஒரு வட்டத்தில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தின் ஒரு துளியை விட்டுப் பரப்பி, அதன் மேல் மையைப் போன்ற கறுப்புத் திரவம் ஒரு துளியைச் சேர்க்கிறார்; அந்தக் கறுப்பு, நுண்ணிய கரித்துகள்களின் நிறம். அட்டையை நிமிடத்துக்கு 100 சுற்று சுழலும் கருவியில் வைத்து எட்டு நிமிடம் சுற்றவிடுகிறார். தொற்று இல்லாதவரின் வட்டம் சீரான சாம்பல் நிறமாகவே இருக்கும். தொற்று உள்ளவரின் வட்டத்தில் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரும்புள்ளிகளாகத் திரண்டு, வெறும் கண்ணுக்கே தெரியும். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. அதே சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து எத்தனையாவது வட்டம் வரை புள்ளிகள் தோன்றுகின்றன என்று பார்த்து, 1:8, 1:32 என்ற விகிதத்தையும் எழுதிவிடுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு அந்த எண், 32 என்பது 8 ஆவதுபோல், நான்கில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

ஆர்.பி.ஆர்., அதன் மூத்த வடிவமான வி.டி.ஆர்.எல். ஆகிய இரண்டுமே கர்ப்பகாலத்திலும் மூட்டுவாதம் போன்ற சில நோய்களிலும் பொய்யாக ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும் என்பதால், டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனையால் உறுதி செய்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். இதை அறியாமல், முறையாகச் சிகிச்சை பெற்றுக் குணமானவர்கூட வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று கலங்குவது உண்டு.

தமிழ்நாட்டில் இலவசப் பரிசோதனைக்கு எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்ட, தாலுகா மருத்துவமனைகள், பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயர்ப்பலகையுடன் இருக்கும் அறைதான் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான இடம். பால்வினைத் தொற்றுகளுக்கான மருத்துவரும் மருந்தும் கிடைக்கும் இடம் ‘சுகவாழ்வு மையம்’. அங்கே சிபிலிஸ் சோதனையும் செய்வார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனித் துறை நீண்ட காலமாக இயங்கிவருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதும் 1986இல் இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில்தான்; இன்று மாவட்டந்தோறும் இருக்கும் இலவச மையங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அருகிலுள்ள மையம் எது என்று தெரியாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். எப்போது உடலுறவு நடந்தது, ஆணுறை பயன்படுத்தப்பட்டதா, முன்பு பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்பார். நடத்தையை எடைபோடுவதற்கான கேள்விகளாக இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்; எந்தச் சோதனை, எப்போது செய்தால் சரியான விடை கிடைக்கும் என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கின்றன. பிறகு கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். முதல் துரிதச் சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்றால் ‘நெகடிவ்’ என்ற முடிவு பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். ஏதேனும் தென்பட்டால், வேறு வேறு தத்துவத்தில் இயங்கும் இன்னும் இரண்டு சோதனைகளைச் செய்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே ‘பாசிட்டிவ்’ என்று சொல்வார்கள். முடிவை ஆலோசகரே நேரில் விளக்குவார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை அவருடைய சம்மதமின்றிப் பிறருக்கு வெளியிடவும் கூடாது. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே முடிவெடுத்துத் தாமே ஒப்புதல் தரலாம். பெற்றோரை அழைத்துவரத் தேவையில்லை. சொந்த ஊரில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்ற தயக்கம் இருந்தால், படிக்கிற ஊரிலோ வேலை பார்க்கிற ஊரிலோ உள்ள மையத்துக்குப் போகலாம்.

இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் செலவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசு மருத்துவமனையின் ஓ.பி. பெரும்பாலும் காலை நேரத்தில் முடிந்துவிடும்; தினக்கூலிக்கோ, வாகனத்தில் உணவு கொண்டுசேர்க்கும் வேலைக்கோ போகும் இளைஞருக்கு அது அரை நாள் வருமான இழப்பு. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்கு வெளியே போக அனுமதிச் சீட்டும், அதில் எழுத ஒரு காரணமும் தேவைப்படுகிறது. குறைந்த செலவில் பரிசோதனை என்று அரசு உண்மையாகவே நினைத்தால், மாலை நேர மையங்களும் கல்லூரிகளுக்கு அருகிலான மையங்களும் பெருக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே போவது என்பதற்கு இணையான இன்னொரு கேள்வி, எப்போது போவது என்பது. தொற்று உடம்பில் நுழைந்த மறுநாளே எந்தச் சோதனையாலும் அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. கண்டுபிடிக்கும் அளவுக்கு அது வளர்வதற்கு ஆகும் காலத்தை ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். எச்.ஐ.வி.யில், ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் துரிதச் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். சிபிலிஸில் புண் தோன்றவே சராசரியாக மூன்று வாரமும் சிலருக்கு மூன்று மாதம் வரையும் ஆகும் என்பதால், ஆறு வாரத்தில் ஒருமுறையும் மூன்று மாதத்தில் ஒருமுறையும் பார்த்துக்கொள்வது நல்லது. கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரம் போதும். பதற்றத்தில் மூன்றாம் நாளே தனியார் ஆய்வகத்துக்கு ஓடி, எல்லாம் நெகடிவ் என்ற தாளை வாங்கி நிம்மதியடைபவர் பணத்தை இழப்பதோடு, பொய்யான நிம்மதியையும் விலை கொடுத்து வாங்கிவிடுகிறார். அந்த மூன்றாம் நாளுக்கு ஏற்ற வேலை வேறு ஒன்று இருக்கிறது: எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற வலுவான காரணம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுகி, 28 நாட்கள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் கிடைக்கும்.

இனி, இலவசம் முடிகிற இடத்துக்கு வருவோம். நம் நாட்டின் அரசு அமைப்பு, எச்.ஐ.வி., சிபிலிஸ் தவிர்த்த பால்வினைத் தொற்றுகளை அறிகுறிகளின் அடிப்படையிலேயே அணுகுகிறது. சீழ் வடிதல், வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் புண், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், அடிவயிற்று வலி என்று என்ன தொந்தரவோ அதற்கேற்ப, நிறம் குறித்த ஏழு மருந்துப் பொட்டலங்களில் ஒன்றைத் தருகிறார்கள். சீழ் வடிந்தால் சாம்பல் நிறம், நீர்க்கொப்புள வகைப் புண்ணுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். ஆய்வகம் இல்லாத ஊரிலும் அன்றைக்கே மருந்து கிடைத்துவிடுகிறது என்பதால் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. ஆனால் அறிகுறியே இல்லாதவருக்கு எந்த நிறப் பொட்டலத்தைத் தருவது? அறிகுறியற்ற கிளமிடியாவும் கொனோரியாவும் இந்த வலையின் கண்களுக்கு ஊடாகத் தப்பிவிடுகின்றன.

ஆகவே கைக்காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்குமானால், அது இந்த இரண்டுக்குமான பி.சி.ஆர். சோதனைதான். ரத்தச் சோதனைகள் தனியாரிடமும் பெரும்பாலும் நூறுகளில் முடிந்துவிடும்போது, இது ஆயிரங்களில் போகிறது. அந்தப் பணம் வீணாகாமலிருக்க மாதிரியைச் சரியாகக் கொடுக்க வேண்டும். சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் வரும் 20, 30 மில்லி சிறுநீரை மட்டும் பிடிக்க வேண்டும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லிப் பழகியவர்கள் நாம்; இங்கே அப்படிச் செய்தால் சிறுநீர்ப் பாதையின் சுவரிலிருந்து அடித்துவரப்படும் கிருமி கழிப்பறையோடு போய்விடும். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பில் தாமே எடுத்துக்கொள்ளும் பஞ்சுக்குச்சி மாதிரி இன்னும் துல்லியமானது. வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்தால் அந்த இடங்களிலும் மாதிரி எடுத்தாக வேண்டும். சிறுநீர் மட்டும் கொடுத்து நெகடிவ் வாங்கியவரின் தொண்டையில் கொனோரியா இருந்துகொண்டே இருக்கலாம். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வயதுவந்தவர்கள் இருவர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை. சொல்லாமல் விட்டால் தவறான இடத்தைச் சோதித்துத் திரும்ப நேரும்.

செலவழிக்கத் தேவையில்லாத இடங்களும் உண்டு. ‘முழுப் பால்வினைப் பரிசோதனைத் தொகுப்பு’ என்று பத்து, பன்னிரண்டு சோதனைகளைச் சேர்த்து விற்கும் விளம்பரங்களில், கிளமிடியாவுக்கான ரத்த எதிர்ப்பொருள் சோதனையும் நீர்க்கொப்புள வகைப் புண்ணை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கான ரத்தச் சோதனையும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது, தொற்று இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பின்னதை அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவே பரிந்துரைத்திருக்கிறது. அதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது; ஆனால் தொற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. மீதி 990 பேரில் அப்படிச் சுமார் முப்பது பேர் சிக்குவார்கள். பாசிட்டிவ் என்ற தாளோடு வீடு திரும்பும் நாற்பது பேரில் முப்பது பேருக்கு நோயே இல்லை! சோதனைகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்தப் பொய்யான அதிர்ச்சிகளும் அவற்றைத் தொடரும் செலவும் கூடுகின்றன. தேவையான நான்கைந்து சோதனைகளை மட்டும் கேட்டு வாங்குவதே சிக்கனம்.

பி.சி.ஆர். சோதனையின் விலையைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு, அதில் ஒன்று 80 ஆண்டுகளுக்கு முந்தையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர வந்த இளைஞர்களுக்குச் சிபிலிஸ் பரிசோதனை செய்வதன் செலவைக் குறைக்க, ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர் 1943இல் ஒரு யோசனை சொன்னார்: பலருடைய மாதிரிகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து சோதித்தால், கலவை நெகடிவ் ஆனால் அத்தனை பேரும் நெகடிவ்; பாசிட்டிவ் ஆனால் மட்டும் அந்தக் குழுவினரைத் தனித்தனியே சோதிக்கலாம். நூறு பேரில் இரண்டு பேருக்குத் தொற்று இருக்கும் சமூகத்தில் ஐந்து ஐந்து பேராகச் சேர்த்தால், முதலில் 20 சோதனை; அவற்றில் ஏறத்தாழ இரண்டு குழுக்கள் பாசிட்டிவாக, அவர்களுக்கு இன்னும் பத்து. நூறு செய்ய வேண்டிய இடத்தில் முப்பதிலேயே முடிந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் நம் ஆய்வகங்கள் கையாண்ட முறைதான் இது. அதோடு, காசநோயைக் கண்டறிய அரசு மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே கிளமிடியாவையும் கொனோரியாவையும் கண்டறியும் தனிக் கேட்ரிட்ஜ் இருக்கிறது. இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்ற உண்மையை, கொள்கை வகுப்பவர்கள் முன் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் தகும்.

ஹெபடைடிஸ் பி பற்றி ஒரு வார்த்தை. அதற்கான தடுப்பூசி இந்தியாவில் எல்லா மாநிலக் குழந்தைகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது 2011ஐ ஒட்டித்தான் என்பதால், இன்று இருபதுகளில் இருக்கும் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். ரத்தச் சோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தால், ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று தவணைகளாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிடலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கோ ரத்தச் சோதனையே கிடையாது. அங்கேயும் தடுப்பூசிதான் கைகொடுக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்பது அவரவர் வாழ்க்கையைப் பொறுத்தது. புதிய துணையோடு உறவு தொடங்கும்போது இருவரும் ஒருமுறை. துணைகள் மாறுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது. பல துணைகள் உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முடிவு பாசிட்டிவாக வந்தால் மருந்துக்கடையில் சொந்தமாக மாத்திரை வாங்கக் கூடாது, ஏனெனில் கொனோரியா பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. தொடக்க நிலைச் சிபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி ஒருமுறை போட்டால் போதும், கிளமிடியாவுக்கு ஏழு நாள் மாத்திரை, எச்.ஐ.வி.க்கு அரசின் கூட்டு மருந்து சிகிச்சை வாழ்நாள் முழுக்க இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவுவதில்லை.

துணைக்குச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. நேரில் சொல்ல நா எழவில்லை என்றால், இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்படி சுகவாழ்வு மையத்தின் ஆலோசகரைக் கேட்கலாம். அது அவருடைய பணிகளில் ஒன்று. ‘எனக்குப் பரிசோதனையில் கிளமிடியா தெரியவந்திருக்கிறது, உனக்கும் அறிகுறி இல்லாமலேயே இருக்கலாம், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள்’ என்ற அளவுக்குச் சொன்னாலே போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணை எந்தச் சோதனையாலும் தீராதது. இருவரும் மருந்தை முடித்து ஏழு நாட்கள் ஆகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் தொற்று மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிடும் என்பதால், மூன்று மாதம் கழித்து இருவருமே இன்னொரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.